ஜாவாவில் ஏலக்கூடக் கணக்கு: மீனுக்கு ஒரு கிளாஸ் வைப்பது சரியா? பங்கு பிரித்தால் பைசா இடிக்கிறது

மண்டபம்வாசி:

வணக்கம் நண்பர்களே. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஓர் ஏலக்கூடத்துக்கு ஜாவா 17-இல் கணக்கு நிரல் தயாராகிறது. படகு கரை சேர்ந்ததும் மீனைக் கூறு போட்டு ஏலம் விடுவார்கள். ஒவ்வொரு கூறுக்கும் படகு எண், மீன், எடை, விலை, எடுத்தவர் பெயர் பதிய வேண்டும். ஏலம் முடிந்ததும் கமிஷன், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, மீதியில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு.

இப்போதைய அமைப்பு: ‘மீன்’ என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அதை எக்ஸ்டெண்ட் செய்து இறால், நண்டு, கணவாய், சீலா, விளைமீன், பாறை, நெத்திலி, சங்காயம், கருவாடு என்று இதுவரை 38 கிளாஸ். ஒவ்வொன்றிலும் ‘விலைகணி’ மெத்தட் ஓவர்ரைடு ஆகியிருக்கிறது (அந்தந்த மீனுக்கு மாற்றி எழுதியிருக்கிறது). ஆப்ஜெக்டை உருவாக்கும் ‘மீன்’ கன்ஸ்ட்ரக்டரே ‘விலைகணி’யைக் கூப்பிட்டு மொத்தத்தை நிரப்பிக்கொள்ளும். எடை, விலை, தொகை எல்லாமே டபுள் (தசம எண் வகை).

சிக்கல்கள் நான்கு. நெத்திலியை ஒரு நாள் கிலோக் கணக்கில் விடுகிறார்கள், இன்னொரு நாள் கூடைக் கணக்கில்; அதனால் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் இஃப்-எல்ஸ் பெருகிக்கொண்டே போகிறது. ஆட்கள் பங்கு ₹9,366.25-ஐ 7 பேருக்குப் பிரித்து திரும்பக் கூட்டினால் ₹9,366.28 வருகிறது, கமிஷனும் பில்லில் ஒன்று, பேரேட்டில் ஒன்று என்று ஒரு பைசா வித்தியாசம். அடுத்தது, ஹேஷ்மேப்பில் (சாவி கொடுத்துத் தேடும் தொகுப்பில்) சாவியாகப் போட்ட கூறு, எடையைத் திருத்திய பிறகு கிடைப்பதில்லை. மேப்பை அச்சிட்டால் கண்ணுக்குத் தெரிகிறது, கெட் செய்தால் நல் (எதுவும் இல்லை என்ற மதிப்பு) வருகிறது. கடைசியாக, விடியற்காலை ஏலம் சர்வரில் முந்தைய நாள் தேதியில் விழுகிறது. என் கணினியில் ஓட்டினால் தேதி சரியாகவே இருக்கிறது.

அமைப்பையே மாற்ற வேண்டுமா, ஆங்காங்கே ஒட்டுப்போட்டால் போதுமா?


முகவை நிரலி:

அமைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும் தம்பி. 38 கிளாஸ் என்று பயப்பட வேண்டாம், மாற்றி முடித்தால் ஏழெட்டுதான் மிஞ்சும்.

இரண்டு சப்கிளாஸ்களை அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள். பெயரும் எண்களும் மட்டும் வேறாக இருந்து, செய்கிற வேலை ஒன்றாகவே இருந்தால், அவை ஒரே கிளாஸின் இரண்டு ஆப்ஜெக்ட்கள். சீலாவும் விளைமீனும் உங்கள் நிரலில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன: எடையை விலையால் பெருக்குகின்றன, அவ்வளவுதான். மீன் பட்டியல் டேட்டாபேஸில் ஒரு டேபிளாக இருக்க வேண்டிய சரக்கு. புது மீன் ஒன்று சேர்க்க வேண்டுமென்றால் டேபிளில் ஒரு வரி போதும். நிரலைத் தொடக் கூடாது.

இதில் உண்மையாக மாறுகிறது விலை போடும் முறை. அதற்குத்தான் டைப் வேண்டும். ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு அதன் கிளாஸை மாற்ற முடியாது. நெத்திலி என்ற கிளாஸுக்குள் விலைமுறையைக் கட்டிப்போட்டதால்தான் கிலோவிலிருந்து கூடைக்கு மாறும்போதெல்லாம் இஃப்-எல்ஸ் தேவைப்படுகிறது. முறையைத் தனி ஆப்ஜெக்டாக வெளியே எடுத்துக் கூறுக்குள் வையுங்கள். கீவேர்டுகளையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன், புரிந்துகொள்ளுங்கள்:

இன்டர்ஃபேஸ் விலைமுறை {
    பணம் தொகை(அளவு அ);
}

இதை இம்ப்ளிமெண்ட் செய்பவை கிலோவிலை, கூடைவிலை, எண்ணிக்கைவிலை. ‘கூறு’ கிளாஸில் மூன்று ஃபீல்டு: மீன், அளவு, விலைமுறை. கூறின் ‘தொகை’ மெத்தட் ஒரே வரிதான், விலைமுறையிடம் அளவைக் கொடுத்துத் தொகையை வாங்கித் திருப்பித் தரும். இஃப் ஒன்றுகூட இருக்காது.

ஐஸ் தண்ணீருக்கு எடையில் கழிவு போடுவீர்கள் என்றால் அதற்கும் சப்கிளாஸ் வேண்டாம். ‘கழிவுவிலை’ என்று இன்னொரு இம்ப்ளிமெண்டேஷன் எழுதுங்கள். அதன் கன்ஸ்ட்ரக்டர் வேறொரு விலைமுறையையும் கழிவு சதவீதத்தையும் வாங்கிக்கொள்ளும். எடையைக் குறைத்து உள்ளே இருக்கும் முறையிடம் அனுப்பும். கிலோவிலைக்குள் கழிவு, எண்ணிக்கைவிலைக்குள் கழிவு என்று பெருகாமல், எதன் மேலும் போர்த்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கழிவு எடையில் போக வேண்டுமா, தொகையில் போக வேண்டுமா என்று ஏலக்காரரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ரவுண்டு செய்யும் இடம் மாறுவதால் இரண்டுக்கும் சில நேரம் ஒரு பைசா வேறுபடும்.

கருவாட்டைப் பார்த்தவுடனே ஒன்று கேட்கத் தோன்றியது. ‘மீன்’ கிளாஸில் ஐஸ் செலவு கேட்கிற மெத்தட் இருக்கிறதா? இருந்தால் கருவாடு அதில் என்ன செய்கிறது? சும்மா 0 தருகிறதா, ‘அன்சப்போர்ட்டட் ஆபரேஷன்’ என்று எக்ஸெப்ஷன் எறிகிறதா? எறிந்தால், மீன் லிஸ்டைச் சுற்றிவந்து ஐஸ் செலவு கூட்டுகிற எந்த லூப்பும் முதல் கருவாட்டிலேயே உடையும். தாய் கிளாஸ் கொடுத்த வாக்கைச் சேய் கிளாஸ் காப்பாற்ற முடியாவிட்டால் அங்கே எக்ஸ்டெண்ட்ஸ் போடக் கூடாது. ஐஸ் செலவு எப்படியும் படகின் பயணத்துக்கு உரியது; மீனிடமிருந்து எடுத்துப் ‘பயணம்’ கிளாஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கன்ஸ்ட்ரக்டருக்குள் ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தட்டைக் கூப்பிடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஜாவாவில் தாய் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் சேயின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும். ‘மீன்’ கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது ‘விலைகணி’ சேயின் வடிவத்தில்தான் ஓடும், ஆனால் சேயின் விலை ஃபீல்டு அப்போது 0-ஆக இருக்கும். ஆப்ஜெக்டாக இருந்தால் நல். எர்ரர் வராமல் மொத்தம் 0 என்று பதிவாகும். சேயில் அந்த ஃபீல்டை ஃபைனல் என்று போட்டு எதிரே 450 என்று நேரடியாக எண் எழுதியிருந்தால் கம்பைலர் அந்த எண்ணைப் பயன்படும் இடத்திலேயே பதித்துவிடும், அதனால் சரியாக ஓடுவது போலத் தெரியும். சில கிளாஸில் சரி, சில கிளாஸில் 0 என்று வந்தால் காரணம் இதுதான்.


தொண்டித்துறை:

அமைப்பைப் பற்றி மேலே சொன்னது போதும், நான் பைசாவைப் பற்றிச் சொல்கிறேன்.

பணத்தை டபுளில் வைக்காதீர்கள். டபுள் இரண்டடிமான எண், 0.1 என்பதை அதில் துல்லியமாக எழுதவே முடியாது. 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வரும். உங்களுக்கு வழிகள் இரண்டு: தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் கிளாஸ், அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி லாங்கில் (பெரிய முழு எண் வகையில்) வைப்பது. ஏலக்கூடத்துக்குப் பைசா-லாங் போதும் என்பது என் கருத்து. எடையையும் அப்படியே கிராமாக வையுங்கள். 12.350 கிலோ என்றால் 12350. கிலோ ₹460 என்றால் 46000 பைசா. 12350-ஐ 46000-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 568100 பைசா, அதாவது ₹5,681. முதலில் பெருக்கல், பிறகுதான் வகுத்தல். முழு எண்ணில் முதலில் வகுத்தால் 12350 கிராம் 12 கிலோவாகி 350 கிராம் காணாமல் போகும்.

இன்ட் வேண்டாம். அதன் உச்சம் 2,147,483,647. பைசாவில் வைத்தால் ₹2.14 கோடியோடு சரி. வருடக் கூட்டல் அதைத் தாண்டினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எண் மைனஸுக்குப் போய்விடும். லாங் எடுத்தாலும் ‘மேத்’ கிளாஸில் இருக்கும் ‘ஆட்எக்ஸாக்ட்’, ‘மல்டிப்ளைஎக்ஸாக்ட்’ மெத்தட்களால் கணக்கிடுங்கள்; எல்லை மீறினால் அவை எக்ஸெப்ஷன் எறியும்.

இந்த லாங்கை நிரல் முழுக்க அப்படியே அலையவிடக் கூடாது. ‘பணம்’ என்று ஒரு ரெக்கார்டு (ஃபீல்டுகள் மாறாத சிறு கிளாஸ்), உள்ளே ஒரே ஃபீல்டு, பைசா. கூட்டு, கழி, சதவீதம், பிரி என்று நான்கு மெத்தட். ஒவ்வொன்றும் புதுப் ‘பணம்’ தரும், பழையது மாறாது. ‘எடை’க்கும் தனி ரெக்கார்டு. இரண்டையும் வெறும் லாங்காக விட்டால் விலை கேட்கிற இடத்தில் எடையைக் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. டைப் வேறானால் அங்கேயே பிடித்துவிடும். எடையின் கன்ஸ்ட்ரக்டரில் 0-க்குக் கீழே வந்தால் மறுத்துவிடுங்கள். தராசிலிருந்து தப்பான எண் வந்தால் அது உள்ளே நுழையும் வாசலிலேயே நிற்க வேண்டும், மாதக் கணக்கில் போய்த் தேடக் கூடாது.

பிக்டெசிமல்தான் வேண்டும் என்றால் மூன்று பொறி இருக்கிறது. டபுள் 0.1-ஐ நேராக அதன் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்தால் 0.1000000000000000055 என்று வால் நீளும். மேற்கோள் குறிக்குள் ஸ்டிரிங்காகக் கொடுங்கள். ‘ஈக்வல்ஸ்’ வைத்து ஒப்பிட்டால் 2.0-உம் 2.00-உம் வேறு வேறு என்று சொல்லும். ‘கம்பேர்டூ’ 0 தருகிறதா என்று பாருங்கள். ரவுண்டு முறை சொல்லாமல் 1-ஐ 3-ஆல் வகுத்தால் எக்ஸெப்ஷன் வரும்.

இனி உங்கள் 3 பைசா. ₹9,366.25 என்பது 936625 பைசா. 7-ஆல் வகுத்தால் 133803.57. நீங்கள் ஆளுக்கு 133804 என்று ரவுண்டு செய்கிறீர்கள். ஏழு மடங்கு 936628. மூன்று பைசா இல்லாத இடத்திலிருந்து வந்துவிட்டது. கீழ்ப்பக்கமாக ரவுண்டு செய்தால் 936621, நான்கு பைசா யாருக்கும் சேராமல் நிற்கும். ரவுண்டு முறையை எப்படி மாற்றினாலும் இது தீராது. பிரிக்கிற வேலையை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகச் செய்யாமல், முழுத் தொகையையும் கையில் வைத்திருக்கும் ‘பிரி’ மெத்தட்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே பங்கு என்று இருக்காது. டிரைவருக்கு ஒன்றரை, ஐந்து பேருக்கு ஒன்று, புதுப் பையனுக்கு அரை என்று வரும். அரையைத் தவிர்க்க எல்லாவற்றையும் இரட்டித்து 3, 2, 2, 2, 2, 2, 1 என்று கொடுங்கள், கூட்டல் 14. ஒவ்வோர் ஆளுக்கும் 936625-ஐ அவர் பங்கால் பெருக்கி 14-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுங்கள். டிரைவருக்கு 200705, ஐவருக்கும் தலா 133803, பையனுக்கு 66901. கூட்டினால் 936621, மீதி 4 பைசா. இப்போது வகுத்ததில் விட்டுப்போன மீதம் யாருக்குப் பெரிது என்று வரிசைப்படுத்துங்கள். பையனுக்கு 14-இல் 11, ஐவருக்கும் 8, டிரைவருக்கு 5. மேலிருந்து ஆளுக்கு ஒரு பைசா: பையன் 66902, ஐவரில் மூவர் 133804, மற்ற இருவர் 133803, டிரைவர் 200705. கூட்டிப் பாருங்கள், 936625 கச்சிதமாக வரும்.

ஐவரில் எந்த மூவர் என்ற கேள்விக்கு ஒரு விதி வேண்டும். ஆள் பதிவு எண் வரிசை என்று வைத்தால் போதும். ஹேஷ்செட்டில் ஆட்களை வைத்துச் சுற்றினால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை; அதே கணக்கைத் திரும்ப ஓட்டும்போது வேறு மூவருக்குப் பைசா போகலாம். ஒரு பைசாதானே என்று விடக் கூடாது. காலையில் எடுத்த சீட்டும் மாலையில் எடுத்த சீட்டும் வேறாக இருந்தால் அடுத்து யாரும் அந்த நிரலை நம்ப மாட்டார்கள்.

கமிஷன் வித்தியாசத்துக்குக் காரணம் ரவுண்டு செய்த இடம். ₹1,234.30, ₹987.70, ₹555.50 என்று மூன்று கூறு, கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கூறுக்குக் கூறு போட்டால் 61.72, 49.39, 27.78, கூட்டல் 138.89. மொத்தம் ₹2,777.50-க்கு ஒரேயடியாகப் போட்டால் 138.88. இரண்டு விடையும் அதனதன் வழியில் சரி. பில் அச்சிடும் கிளாஸ் ஒரு வழியிலும் பேரேடு இன்னொரு வழியிலும் தாங்களாகவே கணக்குப் போடுகின்றன, அங்கேதான் கோளாறு. கமிஷன் கணக்கு ‘விற்பனைச்சீட்டு’ கிளாஸின் உள்ளே ஒரே மெத்தட்டில் இருக்கட்டும். பில்லும் பேரேடும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அச்சிடும் கிளாஸில் பெருக்கல் குறியைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.


கீழக்கரை ஜாவா:

மீதி இரண்டையும் நான் சொல்கிறேன்.

கூறு தொலைவது: ‘கூறு’ கிளாஸின் ‘ஹேஷ்கோடு’ எடையையும் சேர்த்துக் கணக்கிடுகிறது, இல்லையா? ஹேஷ்மேப் ஒரு சாவியை உள்ளே வைக்கும்போது அப்போதைய ஹேஷ்கோடை வைத்து ஓர் அறையைத் தேர்ந்தெடுக்கும். பிறகு எடையைத் திருத்தினால் ஹேஷ்கோடு மாறும், ஆனால் சாவி பழைய அறையிலேயே கிடக்கும். அச்சிடும்போது எல்லா அறையையும் சுற்றுவதால் தெரிகிறது. கெட் செய்யும்போது புது எண்ணை வைத்துத் தேடுவதால் கிடைப்பதில்லை. ரிமூவ்கூட வேலை செய்யாது, அதனால் மெமரியும் தேங்கும்.

மாறக்கூடிய எதையும் சாவியாக வைக்காதீர்கள். ‘கூறுஎண்’ என்று ஒரு ரெக்கார்டு: தேதி, படகு எண், வரிசை எண். ரெக்கார்டு ஜாவா 16-இலிருந்து நிரந்தரமாக இருக்கிறது, உங்கள் 17-இல் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு இரண்டையும் அதுவே எழுதிக்கொள்ளும், ஃபீல்டுகளும் ஃபைனல். ஆனால் ரெக்கார்டுக்குள் லிஸ்ட் வைத்தால் அந்த லிஸ்டை வெளியிலிருந்து மாற்ற முடியும், கன்ஸ்ட்ரக்டரில் ‘லிஸ்ட்.காப்பிஆஃப்’ போட்டுப் பிரதி எடுத்து வையுங்கள். ‘அன்மாடிஃபையபிள்லிஸ்ட்’ அதற்கு ஈடாகாது. அது மூல லிஸ்டின் மேல் போட்ட கண்ணாடி மாதிரி. மூலம் மாறினால் இதிலும் மாறித் தெரியும்.

எடைத் திருத்தத்தையே செட்டரால் செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். பேரேட்டில் எழுதிய வரியை யாரும் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். அதே போல ‘திருத்தம்’ என்று ஓர் ஆப்ஜெக்ட்: எந்தக் கூறுஎண், பழைய எடை, புது எடை, நேரம், செய்தவர். கணக்குக் கேட்டால் கூறும் திருத்தமும் சேர்ந்து விடை தரட்டும். எடுத்தவர் வந்து ‘காலையில் 40 கிலோ என்றீர்களே’ என்று கேட்டால் காட்டுவதற்குச் சான்று இருக்கும்.

தேதிச் சிக்கல்: உங்கள் சர்வர் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். காலை 5 மணி ஏலம் சர்வருக்கு முந்தைய நாள் இரவு 11:30. ‘லோக்கல்டேட்.நவ்’ என்று வெறுமனே கேட்டால் அது சர்வரின் தேதியைத்தான் தரும். நள்ளிரவு 12 முதல் 5:30 வரை நடக்கும் எந்த ஏலமும் முந்தைய நாளில்தான் விழும். 5:30-க்குப் பிறகு நடந்தவை சரியாக விழுந்திருக்கும், டேட்டாவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘ஏசியா/கொல்கத்தா’ ஜோனை நேராகக் கொடுத்தால் தீரும். ஆனால் நிரலில் பத்து இடத்தில் ‘நவ்’ இருந்தால் ஓரிடம் விட்டுப்போகும். ஜாவா 8-இல் வந்த நேர நூலகத்தில் ‘கிளாக்’ என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. ஏலக் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் அதை வாங்கிக்கொள்ளுங்கள், நேரம் வேண்டுமென்றால் அதனிடம் மட்டும் கேளுங்கள். நிஜ ஓட்டத்தில் நம் ஜோன் போட்ட கிளாக், டெஸ்டில் ‘கிளாக்.ஃபிக்ஸ்ட்’ வைத்து காலை 4:59, 5:29, 5:30 என்று நிறுத்திப் பாருங்கள். விடியும் வரை காத்திருக்காமல் பகலிலேயே விடியற்காலையைச் சோதிக்கலாம்.

ஏற்கெனவே தப்பாக விழுந்த வரிகளுக்குத் தேதியோடு முழு நேர முத்திரையும் சேமித்திருந்தால் அதிலிருந்து தேதியைத் திரும்பக் கணக்கிடலாம். தேதி மட்டும் என்றால் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.


மண்டபம்வாசி:

மிக்க நன்றி. நிரலி அண்ணே, கருவாடு நீங்கள் சொன்னது போல எக்ஸெப்ஷன்தான் எறிகிறது. ‘பிரி’ மெத்தட் எழுதி 1 முதல் 40 ஆட்கள் வரை, தொகை 0 முதல் 10000 பைசா வரை எல்லாவற்றுக்கும் கூட்டல் பொருந்துகிறதா என்று டெஸ்ட் வைத்தாயிற்று, எங்கும் இடிக்கவில்லை. கிளாக் மாற்றமும் முடிந்தது கீழக்கரைக் காக்கா.

இரண்டு சந்தேகம் மிச்சம். விலைமுறையை டேட்டாபேஸில் எப்படி வைப்பது? ஒரே மெத்தட் உள்ள இன்டர்ஃபேஸ்தானே, லாம்டாவாக (பெயரில்லாத குட்டி மெத்தடாக) எழுதினால் கிளாஸே வேண்டாமே என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, மாத அறிக்கையில் ‘கொடுவா’ இரண்டு வரியாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஈக்வல்ஸ் ஃபால்ஸ் தருகிறது. இடைவெளி ஏதும் இல்லை, டிரிம் செய்தும் பார்த்தாயிற்று.


முகவை நிரலி:

லாம்டா எழுதலாம், ஆனால் சேமிக்க முடியாது. அதற்குப் பெயர் இல்லை. டேட்டாபேஸிலிருந்து திரும்ப எடுக்கும்போது எந்த லாம்டா என்று சொல்ல எதுவும் இருக்காது. டீபக்கரில் பார்த்தாலும் புரியாது. டெஸ்டில் தற்காலிகமாக ஒரு முறை வேண்டுமென்றால் மட்டும் லாம்டா வையுங்கள்.

சேமிப்பதற்கு டேபிளில் இரண்டு காலம் (நெடுவரிசை) போதும்: முறையின் குறியீடு, விலை. குறியீட்டுக்கு ‘ஈனம்’ (மாறிலிகளின் பட்டியலாக எழுதும் டைப்) வையுங்கள்: கிலோ, கூடை, எண்ணிக்கை. ஈனத்தில் ஒவ்வொரு மாறிலிக்கும் ‘உருவாக்கு’ மெத்தட், விலையைக் கொடுத்தால் உரிய விலைமுறை ஆப்ஜெக்ட் தரும். டேட்டாபேஸில் ‘ஆர்டினல்’ (பட்டியலில் எத்தனையாவது என்ற) எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளைக்குக் கிலோவுக்கும் கூடைக்கும் நடுவே ‘பெட்டி’ என்று ஒன்றைச் செருகினால் பழைய கூடைக் கூறெல்லாம் பெட்டியாகிவிடும், எர்ரரும் வராது. நீங்களே கொடுத்த நிலையான குறியீட்டை எழுதுங்கள்.


தொண்டித்துறை:

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. விலைமுறை நான்கைந்துக்கு மேல் போகாது, ஆனால் அதன் மேல் செய்யும் வேலைகள் கூடிக்கொண்டே போகும்: தொகை, பில்லில் காட்டும் வாசகம், ஏற்றுமதிக் கோப்பு, திரை. ஒவ்வொன்றுக்கும் இன்டர்ஃபேஸில் மெத்தட் சேர்த்தால் விலை கிளாஸுக்குள் அச்சு வேலை புகுந்துவிடும். ஜாவா 17-இல் ‘சீல்டு’ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. யார் யார் இம்ப்ளிமெண்ட் செய்யலாம் என்று பூட்டிவிடலாம். 21-க்கு மாறினால் டைப்பை வைத்தே ஸ்விட்ச் எழுதலாம், ஒரு முறை விட்டுப்போனால் கம்பைலரே சொல்லும், டிஃபால்ட் கிளை மட்டும் எழுதாமல் இருந்தால். வகைகள் பெருகும் இடத்தில் மெத்தட் ஓவர்ரைடு, வேலைகள் பெருகும் இடத்தில் சீல்டும் ஸ்விட்ச்சும். தொகை மட்டும் இன்டர்ஃபேஸில் இருக்கட்டும், வாசகமும் கோப்பும் வெளியே ஸ்விட்ச்சில் இருக்கட்டும் என்பது என் யோசனை.


முகவை நிரலி:

வாசகத்தை வெளியே எடுப்பது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். கழிவுவிலை உள்ளே இன்னொரு முறையைப் போர்த்தியிருப்பதால் ஸ்விட்ச்சில் அந்தக் கிளை தன்னையே திரும்பக் கூப்பிட வேண்டும். அதை மறக்க வேண்டாம் தம்பி. சேமிக்கும்போதும் கழிவு சதவீதத்துக்கு மூன்றாவது காலம் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.


கீழக்கரை ஜாவா:

கொடுவா இரட்டிப்பது யூனிகோடு சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறி, கால் என்று இரண்டாக. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் ஸ்டிரிங் நீளம் வேறு. உங்கள் பெயர்கள் இரண்டு வெவ்வேறு விசைப்பலகையிலிருந்தோ பழைய கோப்பிலிருந்தோ வந்திருக்கும். ‘நார்மலைசர்’ கிளாஸில் என்எஃப்சி வடிவம் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகும். இதையும் ‘மீன்பெயர்’ என்ற ரெக்கார்டின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரே இடத்தில் செய்யுங்கள். டிரிம், என்எஃப்சி, காலியாக இருந்தால் மறுப்பு. அதன் பிறகு நிரலுக்குள் சுற்றும் எந்த மீன்பெயரும் சுத்தமாகத்தான் இருக்கும். டேட்டாபேஸில் ஏற்கெனவே இருப்பதை ஒரு முறை ஓட்டி மாற்றிவிடுங்கள். டேபிளில் யுனிக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டு வரியும் மோதும், அதனால் கூறுகளை முதலில் ஒரே மீன் எண்ணுக்கு மாற்றிவிட்டு மற்ற வரியை நீக்குங்கள்.

பில்லில் காலம் கோணலாக வருகிறதா என்றும் பாருங்கள். ‘மீன்’ என்ற சொல் நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, ஜாவாவின் ‘லெங்த்’ 4 என்று சொல்லும். மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் தனித்தனி. ஃபார்மட்டில் 20 இடம் ஒதுக்கினால் அது இந்த 4-ஐத்தான் கழிக்கும். ‘பிரேக்இட்டரேட்டர்’ வைத்து எழுத்துகளை எண்ணலாம், ஆனாலும் தமிழ் எழுத்துகளின் அகலம் சமமில்லை. மீன் பெயரை வரியின் கடைசிக் காலமாக வைத்துவிடுவது எளிய வழி. எண்கள் இடப்பக்கம் நேராக நிற்கும்.

ஜாவா 17 என்பதால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோப்புக்கான இயல்பு எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று ஆனது 18-இலிருந்துதான். 17-இல் விண்டோஸ் கணினியில் ஃபைல்ரைட்டரை வெறுமனே திறந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகப் பதிவாகும், போன எழுத்து திரும்பாது. திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். எக்ஸெலில் திறக்கும் கோப்பு என்றால் முதல் எழுத்தாக, எழுத்துமுறையைக் காட்டும் பிஓஎம் குறியும் சேருங்கள், இல்லாவிட்டால் அது வேறு எழுத்துமுறையாக எடுத்துக்கொண்டு குழப்பும்.


தொண்டித்துறை:

மாத அறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் போகாது, நாட்டுப்படகுப் பதிவு மட்டும்தான் வரும். விசைப்படகின் மே மாதச் சராசரி என்று கேட்டால் பயண எண்ணிக்கை 0. பைசா லாங் என்பதால் 0-ஆல் வகுத்து எக்ஸெப்ஷன் வந்து அறிக்கை முழுதும் நிற்கும். டபுளாக இருந்தபோது ‘நேன்’ (எண் அல்ல) என்று அச்சாகியிருக்கும். ‘சராசரி’ மெத்தட் நேராகப் ‘பணம்’ தராமல் ‘ஆப்ஷனல்’ தரட்டும். காலியாக இருந்தால் அறிக்கையில் ‘பயணம் இல்லை’ என்று எழுதுங்கள். ₹0.00 என்று போடாதீர்கள். கடலுக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய படகுக்கும் அதே எண்தான் வரும்.